டென்ஷன் மேல் போட்ட பழி

தைராய்டை மிகையாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோய் என்று ஒரு பெண்ணுக்கு ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். மாமனார் தவறியதா, ஆபீசில் புது மேனேஜர் வந்ததா, பையனின் பிளஸ் டூ பரீட்சையா? தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கும். கவலைக்குக் காரணமே இல்லாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? காரணம் கிடைத்ததும் தீர்ப்பும் வந்துவிடும்: "எல்லாத்தையும் மனசுல போட்டு உழப்பிக்கிற, அதான் தைராய்டு ஏறிப்போச்சு. டென்ஷனைக் குறைச்சா தானா இறங்கிடும்."

சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெரும்பாலும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள், மருந்துச் சீட்டை எழுதி முடித்து நிமிரும்போது சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். நானும் கிரேவ்ஸ் நோயாளி. இந்த வாக்கியத்தின் எல்லா வடிவங்களையும் கேட்டிருக்கிறேன். அக்கறையாகச் சொன்னாலும் அதட்டிச் சொன்னாலும் அது தவறு. இந்த நோயில் பதற்றம் பெரும்பாலும் விளைவு. அதைக் காரணமாக்கும்போது நோயாளியின் குணத்தின் மேல் பழி விழுகிறது. பழி விழுந்த பிறகு, செய்யவேண்டிய வைத்தியம் ஒவ்வொரு படியிலும் தாமதமாகிறது.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். இந்தக் கருத்து வாட்ஸ்அப்பில் பிறந்ததல்ல. இருநூறு ஆண்டு வயதானது. இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் கேலப் ஹில்லியர் பாரி இந்த நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர்களுள் ஒருவர். அவர் இறந்த பிறகு 1825இல் வெளியான குறிப்புகளில் 21 வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். சரிவில் வேகமாக இறங்கிய சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி எறியப்பட்டாள்; காயம் அதிகமில்லை, பயம் அதிகம்; அதன்பின் நெஞ்சுப் படபடப்பும் கழுத்து வீக்கமும் வந்தன. அதிர்ச்சிதான் காரணம் என்று படிப்பவர்கள் முடிவுகட்ட இதைவிட என்ன வேண்டும்?

1835இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் கழுத்து வீக்கமும் அடங்காத நெஞ்சுத் துடிப்பும் கொண்ட பெண்களைப் பற்றி எழுதினார். 1840இல் ஜெர்மனியின் மெர்ஸபுர்க் நகரில் கார்ல் வான் பாஸடோ, பிதுங்கிய கண்களையும் அவற்றோடு சேர்த்து மூன்று அடையாளங்களாகத் தொகுத்தார். ஆங்கிலம் பேசும் நாடுகளில் நோய்க்கு கிரேவ்ஸ் பெயரும், ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் பாஸடோ பெயரும் நிலைத்தன. கிரேவ்ஸ் விவரித்தவர்களுள் 20 வயதுப் பெண் ஒருவருடைய கதையைத்தான் நம் ஊர்த் தீர்ப்புக்காரர்கள் படிக்கவேண்டும். அவளுக்கு வந்த அறிகுறிகளை முதலில் ஹிஸ்டீரியா என்றே எடுத்துக்கொண்டார்கள். நரம்புக் கோளாறு என்ற பெயரிலேயே சுமார் மூன்று மாதம் போனது. அதன் பிறகுதான் அவளுடைய நாடி அசாதாரண வேகத்தில் ஓடுவதை யாரோ கவனித்தார்கள். நோய்க்குப் பெயர் கிடைப்பதற்கு முன்பே அதைப் பெண்ணின் மனசு என்று தள்ளிவைத்துக் காலம் கடத்துவதும் தொடங்கிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த எண்ணத்துக்குக் கோட்டும் டையும் மாட்டியவர் சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்ஸாண்டர். மனப் போராட்டத்திலிருந்து பிறக்கும் உடல் நோய்கள் என்று ஏழு நோய்களை அவர் ஆராய்ந்தார். ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பு, முடக்குவாதம், பெருங்குடல் புண், தோல் அழற்சி, வயிற்றுப் புண் ஆகியவற்றோடு தைராய்டு மிகைச் சுரப்பும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. 1950இல் அவருடைய நூல் வந்தபோது இது உயர்ந்த அறிவியல். அதே பட்டியலிலிருந்த வயிற்றுப் புண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஹெலிகோபேக்டர் என்ற கிருமி பெரும் காரணம் என்று கண்டறிந்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு வாங்கினார்கள். கவலையால் வந்த புண் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஆன்டிபயாடிக் எழுதத் தொடங்கினார்கள்.

தைராய்டு விஷயத்தில் கதை அதற்கும் முன்பே மாறிவிட்டது. 1956இல் நியூஸிலாந்தின் ஓடாகோ பல்கலைக்கழகத்தில் டங்கன் ஆடம்ஸும் ஹெர்பர்ட் பர்வ்ஸும் மிகைச் சுரப்பு நோயாளியின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். அந்த ரத்தத்தின் சீரத்தைக் கினிப் பன்றிக்குச் செலுத்தினால், அந்த விலங்கின் தைராய்டு தூண்டப்பட்டது. மூளையடியிலிருந்து வரும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் செய்யும் தூண்டலைவிட அதிக நேரம் நீடித்த தூண்டல் அது. பின்னர் அது நம் உடலே தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம், அதாவது ஆன்டிபாடி, என்று தெரிந்தது. நோயாளியின் கவலை கினிப் பன்றிக்கு ஏறவில்லை. ஏறியது ரத்தத்திலிருந்த ஒரு பொருள்.

அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி போதும். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்க ஆட்டோமேட்டிக் சுவிட்ச் வைத்திருப்போம். உடலில் அந்த வேலையைச் செய்வது பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டு ஹார்மோன் போதிய அளவு ஆனதும் டிஎஸ்ஹெச்சைக் குறைத்து, போதும் என்று சொல்லும். கிரேவ்ஸில் ஆன்டிபாடி அந்த சுவிட்சைத் தாண்டி மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துவிடுகிறது. தொட்டி வழிகிறது, சுவிட்ச் எப்போதோ அணைந்துவிட்டது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த நோயாளிகளின் ரிப்போர்ட்டில் தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 ஏறியும், டிஎஸ்ஹெச் அளக்க முடியாத அளவுக்கு இறங்கியும் இருப்பது இதனால்தான். மூளை தன் பங்குக்கு ஏற்கெனவே நிறுத்தச் சொல்லிவிட்டது. மனசை அமைதியாக வை என்று சொல்பவர்கள் அணைந்த சுவிட்சைத்தான் மறுபடி மறுபடி அணைக்கச் சொல்கிறார்கள்.

இதற்கும் மேல் சாட்சி வேண்டும் என்றால் பிறந்த குழந்தையைக் கேட்கலாம். கிரேவ்ஸ் உள்ள தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அளவு அதிகமாக இருந்தால், அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு மிகைச் சுரப்பு வருகிறது: இதயம் வேகமாக ஓடும், பாலைக் குடித்தும் எடை ஏறாது, ஓயாத எரிச்சல். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி ரத்தத்திலிருந்து கழியக் கழிய, சில மாதங்களில் குழந்தை சரியாகிவிடுகிறது. இந்தப் பச்சைக் குழந்தைக்கு எந்த ஆபீசில் டென்ஷன், எந்த மாமியாரோடு சண்டை? இன்னொன்றும் உண்டு. அறுவை சிகிச்சையில் தைராய்டையே எடுத்துவிட்ட தாய், மாத்திரையின் உதவியால் முற்றிலும் இயல்பான ஹார்மோன் அளவோடு நிதானமாக இருப்பாள். ஆனாலும் அவள் ரத்தத்தில் ஆன்டிபாடி மிச்சமிருந்தால் குழந்தைக்கு நோய் வரலாம். தாய் அமைதி, குழந்தை படபடப்பு. டென்ஷன் வாதம் இந்த இடத்தில் வாய் திறக்க முடியாது.

அப்படியென்றால் சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது? பெரும் பங்கு பிறப்பிலேயே இருக்கிறது. டென்மார்க்கில் இரட்டையர்களை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 35 சதவீதம். வெவ்வேறு கருவில் உருவான இரட்டையரில் அது சுமார் 3 சதவீதம்தான். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே கவலைகள். மரபணு மாறியதும் கணக்கு பத்தில் ஒன்றாகிவிட்டது. பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. புகைபிடிப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு எதிர்ப்பு அணுக்களைத் துடைத்தெடுக்கும் அலெம்டுசுமாப் என்ற மருந்தைப் பெற்றவர்களில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிறகு தைராய்டுக் கோளாறு வருகிறது. அதில் கிரேவ்ஸே அதிகம். எதிர்ப்பு அமைப்பு கலைந்து மீண்டும் கட்டப்படும்போது நோய் பிறக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் கிடையாது. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் கிரேவ்ஸ் தலைகாட்டுவதும் இதனால்தான்: கர்ப்பத்தில் அடங்கியிருந்த எதிர்ப்பு அமைப்பு மறுபடி எழுகிறது. நம் வீடுகளில் அந்தப் படபடப்பும் தூக்கமின்மையும் பச்சை உடம்பு, புதுக் குழந்தை, ராத்தூக்கம் இல்லை என்ற கணக்கில் போய்விடுகின்றன.

மன அழுத்தத்துக்குப் பங்கே இல்லையா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்லவேண்டிய பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் இந்த நோய் கூடியது. 1990களில் போர் நடந்த ஆண்டுகளில் கிழக்கு செர்பியாவிலும் கூடியது. 1991இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், நோய் வருவதற்கு முந்தைய ஆண்டில் துயர நிகழ்வுகள் நடந்ததாக நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகம் சொன்னார்கள். மறுபக்கம், குண்டும் துப்பாக்கியுமாக இருந்த வட அயர்லாந்தில் கலவர ஆண்டுகளில் அப்படி எந்த உயர்வும் காணப்படவில்லை. நோய் வந்த பிறகு பின்னோக்கிக் கேட்கும் ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு: காரணம் தேடும் மனம் போன வருஷத்தைத் துருவித் துருவிப் பார்க்கும். அதோடு, கண்டறிவதற்குப் பல மாதம் முன்பே ஹார்மோன் ஏறத் தொடங்கியிருக்கும். அந்த மாதங்களில் நடந்த சண்டையும் வேலை இழப்பும் நோயின் முன்னோடியா, நோய் செய்த வேலையா என்று யார் பிரிப்பது? இவ்வளவையும் கழித்தாலும், ஏற்கெனவே நோய்க்கான உடலமைப்பு உள்ளவரிடம் கடும் அழுத்தம் ஒரு தூண்டுகோலாக இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து "டென்ஷனைக் குறைத்தால் போய்விடும்" என்பதற்குத் தாவுவதைத்தான் மறுக்கிறேன். எதிர்ப்பு அமைப்பு ஆன்டிபாடியைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, தூண்டியது எதுவாக இருந்தாலும் அதை விலக்கிவிட்டால் தயாரிப்பு நின்றுவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

எதிர்த்தரப்புக்கு மிகவும் பிடித்தமான ஒரு சாட்சியை நானே கொண்டுவருகிறேன். 1991 மே மாதம் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், கேம்ப் டேவிட்டில் மெல்லோட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்கி நின்றார். இதயம் தாளம் தப்பித் துடித்தது. காரணம் கிரேவ்ஸ். வளைகுடாப் போர் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. போர் நடத்திய டென்ஷன் என்று சொல்ல இதைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டார். ஆனால் அவருடைய மருத்துவர்கள் செய்ததைப் பாருங்கள். கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். பதவியை விட்டு ஓய்வெடுங்கள், மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பவில்லை. அதிபருக்குக் கிடைத்த மருத்துவம், மருத்துவரின் மேசைக்கு எதிரே கை நடுங்க உட்கார்ந்திருக்கும் ஒரு டீச்சருக்கும் கிடைக்கவேண்டும் என்பதுதான் கோரிக்கை.

இனி, பதற்றம் எப்படி விளைவாகிறது என்று பார்ப்போம். தைராய்டு ஹார்மோன் உடலின் ஒவ்வொரு திசுவையும் வேகப்படுத்துகிறது. இதயம் உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 110, 120 என்று அடிக்கிறது. விரல்கள் மெல்லிசாக நடுங்குகின்றன. மார்கழியிலும் ஃபேன் வேண்டும். தட்டு நிறையச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை வயிறு போகிறது. மாதவிலக்கு குறைந்துபோகிறது. தொடைத் தசை வலுவிழப்பதால் தரையில் உட்கார்ந்தவர் கையூன்றித்தான் எழ முடிகிறது. பஸ் படி உயரமாகிவிடுகிறது. மூளையும் உடலின் ஒரு பாகம்தானே? அதுவும் வேகமெடுக்கிறது: தூக்கம் கலைகிறது, சின்னச் சொல்லுக்குக் கோபம் வருகிறது, கண் கலங்குகிறது. இந்தப் பட்டியலில் கடைசி மூன்றை மட்டும் பொறுக்கியெடுத்து மனசு என்கிறோம். எடை இறங்கியதற்கு "ஸ்லிம் ஆயிட்டீங்களே" என்று பாராட்டு வேறு.

பதற்ற நோயையும் மிகைச் சுரப்பையும் பிரித்தறியப் பழைய மருத்துவர்கள் வைத்திருந்த வழிகளுக்குக் கருவியே தேவையில்லை. பதற்றத்தில் இருப்பவரின் உள்ளங்கை வேர்த்தும் சில்லென்றும் இருக்கும். கிரேவ்ஸ் நோயாளியின் உள்ளங்கை வேர்த்துச் சூடாக இருக்கும். பதற்றக்காரரின் நாடி தூக்கத்தில் அடங்கும். கிரேவ்ஸில் தூங்கும்போதும் நாடி ஓடும். பசி கூடி எடை குறைவது பதற்றத்தின் வழக்கமல்ல. இத்தனை இருந்தும், கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி, தூக்கம் வராவிட்டால் ஓவர் திங்கிங் என்று முடித்துவிடுகிறோம். எனக்கும் முதலில் எழுதித் தரப்பட்டது தூக்க மாத்திரைதான்.

கண்களுக்கு நேர்வது இதைவிட அநியாயம். ஹார்மோன் மிகும்போது மேல் இமை பின்னுக்கு இழுபட்டு, கருவிழிக்கு மேல் வெள்ளை தெரியும். கிரேவ்ஸின் கண் பாதிப்பு சேர்ந்தால் கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையும் கொழுப்பும் வீங்கி விழி முன்னே தள்ளும். பார்ப்பவருக்கு அது முறைப்பு. "பெரியவங்க பேசுறப்ப என்ன முழிச்சுப் பார்க்கிற?" என்று கேட்கும் மாமியார், இமைத் தசையைத் திமிர் என்று படிக்கிறார். குரல் உயர்வது, கை நடுங்குவது, கண் முறைப்பது எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணுக்கு நல்ல குணம் இல்லை என்ற சான்றிதழாகிவிடுகின்றன. அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் டென்ஷனைக் குறை என்கிறார்கள்.

குணம்தான் காரணம் என்றால், குணத்தில் மாற்றமே தெரியாத நோயாளிகளை எந்தக் கணக்கில் வைப்பது? முதியவர்கள் பலரிடம் இந்த நோய் படபடப்பே இல்லாமல் வரும். சோர்ந்து, மெலிந்து, பேச்சு குறைந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். ஒருநாள் இதயம் தாளம் தப்பிய பிறகுதான் தெரியவரும். ஆசிய நாட்டு இளைஞர்களிடம் கூடுதலாகக் காணப்படும் இன்னொரு வடிவம் உண்டு. மாவுச்சத்து மிகுந்த விருந்துச் சாப்பாடு சாப்பிட்டுப் படுத்தவர், விடிகாலையில் கால் அசைக்க முடியாமல் கிடப்பார். ரத்தத்தில் பொட்டாசியம் திடீரெனத் தாழ்ந்திருக்கும். அடியில் இருப்பது தைராய்டு மிகைச் சுரப்பு. ஆணுக்கு எங்கே தைராய்டு வரும், அதுவும் டென்ஷனே இல்லாத பையனுக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

தாமதத்துக்கு விலை உண்டு. மாதக்கணக்கில் வேகமாக ஓடிய இதயம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறுக்குள் விழலாம். அதிலிருந்து பக்கவாதம் வரலாம். எலும்பின் சுண்ணாம்பு கரையும். வைத்தியமே இல்லாமல் விட்ட உடலில் ஒரு காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ குறுக்கிட்டால், உயிரைக் குடிக்கும் தைராய்டுப் புயல் கிளம்பலாம். அமெரிக்க ஓட்டக்காரி கெயில் டெவர்ஸுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க இரண்டு ஆண்டு பிடித்தது. 1990இல்தான் கிரேவ்ஸ் என்று தெரிந்தது. சிகிச்சைக் காலத்தில் பாதங்கள் வீங்கிப் புண்ணாகி, காலை எடுக்க நேருமோ என்ற நிலைக்குப் போனார். 1992இல் பார்சிலோனாவிலும் 1996இல் அட்லாண்டாவிலும் 100 மீட்டரில் தங்கம் வென்றார். மனவலிமையால் நோயை வென்றவர் என்று அவரைக் கொண்டாடுவது எளிது. அந்த மனவலிமை முதல் இரண்டு ஆண்டிலும் அவரிடம் இருந்தது. அப்போது அது நோயைத் துளியும் குறைக்கவில்லை. கண்டுபிடிப்பும் சிகிச்சையும் வந்த பிறகுதான் அவரால் ஓட முடிந்தது.

சிகிச்சை என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பழையவை. சுரப்பியை அறுத்தெடுப்பதைப் பாதுகாப்பான கலையாக்கிய சுவிஸ் மருத்துவர் தியோடர் கோச்சர் 1909இல் நோபல் பரிசு பெற்றார். கதிரியக்க அயோடினை 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் முதன்முதலில் நோயாளிக்குக் கொடுத்தார். ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரைகளை 1943இல் எட்வின் ஆஸ்ட்வுட் அறிமுகப்படுத்தினார். இன்று நாம் விழுங்கும் கார்பிமசோல் அந்த வழியில் வந்தது. மாத்திரை புது உற்பத்தியைத்தான் தடுக்கும். சுரப்பியில் ஏற்கெனவே சேமித்த ஹார்மோன் தீரவேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். டிஎஸ்ஹெச் எழுந்து வர இன்னும் பல மாதம். இந்த இடைவெளிதான் டென்ஷன் வாதத்துக்கு நல்ல விளைநிலம்: "மாத்திரை போட்டும் படபடப்பு போகலை பாரு, இது மனசுதான்." அதற்குள் நடுக்கத்துக்காகக் கொடுத்த புரோப்ரனலால் கையை நிறுத்திவிட்டால், "நரம்புக்குக் கொடுத்த மாத்திரையில சரியாச்சு, அப்ப நரம்புதானே?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து அதே முடிவு. அந்த மாத்திரை ஹார்மோனின் ஆட்டத்தை இதயத்திலும் விரலிலும் தணிக்கிறது. ஆன்டிபாடியை அது தொடுவதே இல்லை.

கார்பிமசோலை வழக்கமாக 12 முதல் 18 மாதம் எடுக்கவேண்டும். இரண்டு மாதத்தில் உடல் தேறி, தூக்கம் வந்து, கோபம் அடங்கியதும் மனசு சரியாகிவிட்டது என்று நிறுத்துபவர்கள் உண்டு. நோய் மனசு என்று நம்பினால் அந்த முடிவு நியாயமானதுதான். நம்பிக்கை தவறு என்பதால் சில வாரங்களில் படபடப்பு திரும்புகிறது. இன்னொரு ஆபத்து, அரிதானாலும் உயிருக்கானது. இந்த மாத்திரை எடுப்பவர்களில் ஆயிரத்துக்குச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் திடீரென வற்றிவிடும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கவேண்டும். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது. மனசை அமைதியாக வையுங்கள் என்பதற்குச் செலவழித்த அரை நிமிடத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். புகையை விட்டால் கண்ணைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே நோயின் போக்கை மாற்றும் அறிவுரைகள்.

அமைதி வியாபாரம் தனியாக நடக்கிறது. மூச்சுப் பயிற்சியும் யோகாவும் செய்யட்டும். இதயம் அடங்கிய பிறகு செய்தால் உடம்புக்கும் இதம். ஆனால் மன அமைதிக்கென்று விற்கும் அமுக்கரா சூரணமும் அஸ்வகந்தா மாத்திரையும் வேறு விஷயம். அது தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடியது என்று ஆய்வு சொல்கிறது. அதைச் சாப்பிட்டு மிகைச் சுரப்புக்கு ஆளானவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் இருக்கின்றன. நோயின் காரணத்தைத் தவறாகச் சொன்னால் மருந்தும் தவறாகப் போகும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

மாத்திரைக் காலம் முடிந்த பிறகு ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. ஆன்டிபாடி அளவு இன்னும் உயர்ந்திருப்பது, கழுத்து வீக்கம் பெரிதாக இருப்பது, புகைபிடிப்பது ஆகியவை திரும்பி வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. வீட்டில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. "சொன்னேன்ல, டென்ஷன் ஆகாதேன்னு. கேட்டியா?" என்பதுதான் முதல் வாக்கியம். நோய் வந்ததற்கு ஒரு பழி, திரும்பியதற்கு இன்னொரு பழி. கோபப்படக் கூடாது என்ற கட்டளை வேறு சேர்ந்துகொள்வதால், நியாயமான கோபத்தையும் அவள் விழுங்கவேண்டியிருக்கிறது. வீட்டு வேலையில் பங்கு கேட்டால் "தைராய்டு ஏறிடுச்சா?" என்பார்கள். ஒரு பெண் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க இவ்வளவு வசதியான நோய் வேறு எதுவும் இல்லை. இந்தக் கருத்து இத்தனை நாள் உயிரோடு இருப்பதற்கு அதன் உண்மையைவிட இந்த வசதியே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

"மனசைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறாயா?" என்று கேட்கலாம். பேசவேண்டும், தலைகீழாக அல்ல. ஹார்மோன் அளவு இயல்புக்கு வந்த பிறகும் சோர்வும் மறதியும் பதற்றமும் பலருக்கு நீடிக்கின்றன. ஸ்வீடனில், சிகிச்சை பெற்று 6 முதல் 10 ஆண்டுகள் ஆன நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிடத் தாழ்ந்தே இருந்தது. ரிப்போர்ட் நார்மல், இனி என்ன என்று கேட்பவர்களுக்கு இது பதில். இந்த நோயாளிக்கு மன நல ஆலோசகரும் தேவைப்படலாம், மருந்தும் தேவைப்படலாம், லீவும் தேவைப்படலாம். அவற்றை உடைந்த காலுக்கு ஊன்றுகோல் கொடுப்பதுபோல் உரிமையாகக் கொடுக்கவேண்டும். குணத்தைத் திருத்திக்கொண்டால்தான் நோய் போகும் என்று நிபந்தனையாக வைக்கும்போது அதே உதவி தண்டனையாகிவிடுகிறது.

ஆகவே, படபடப்பாக இருக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால் காரணத்துக்காக அவருடைய வாழ்க்கையைத் துருவாதீர்கள். உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருக்கிறதா? தூங்கும்போது நாடியை எண்ணுங்கள். எடை என்னவென்று கேளுங்கள். டிஎஸ்ஹெச், டி3, டி4 பாருங்கள். அவை அளவு தவறியிருந்தால் ஆன்டிபாடியையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் பதற்றம் இருந்தால், அதுவும் வைத்தியம் உள்ள நோய்தான். அதற்கும் திட்டு மருந்தல்ல. ஒருவருடைய குணத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதும் அவசரம் யாருக்காவது இருந்தால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரையாவது பொறுத்திருக்கட்டும்.